மில்ட்ரெட் ட்ரெசல்ஹாஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி, தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் தமிழில் அறிவியல் உரைகள் நடத்தி வருகிறேன். மில்ட்ரெட் ட்ரெசல்ஹாஸ் என்ற பொருளறிவியலாளரைப் பற்றிப் பேசும் போதெல்லாம், உரை முடிந்ததும் அதே ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றை ஒரே இடத்தில் தொகுத்தால் வராதவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னும் வருகின்றன.

யார் இவர்? நாங்கள் பேரே கேள்விப்பட்டதில்லையே.

மில்ட்ரெட் ட்ரெசல்ஹாஸ் 1930 நவம்பர் 11 அன்று நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். போலந்திலிருந்து குடியேறிய ஏழை யூதப் பெற்றோரின் மகள். கரிமத்தால் ஆன பொருள்களின் உள்ளமைப்பையும் மின் இயல்புகளையும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்ததால் 'கரிமத்தின் அரசி' என்று துறையினர் அவரை அழைத்தார்கள். அருகிலிருந்து பழகியவர்களுக்கு அவர் 'மில்லி'.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், அதாவது எம்.ஐ.டி., 1968இல் அவரைப் பொறியியல் பிரிவில் நிரந்தரப் பேராசிரியராக்கியது. அந்தப் பிரிவில் அந்நிலையை எட்டிய முதல் பெண் அவர். 1985இல் அக்கழகத்தின் மிக உயர்ந்த பேராசிரியர் பட்டமான 'கழகப் பேராசிரியர்' நிலையும் கிடைத்தது. அதிலும் அவரே முதல் பெண். 2017 பிப்ரவரி 20 அன்று, 86 வயதில் காலமானார். கடைசிக் காலம் வரை அவர் ஆய்வை நிறுத்தவில்லை.

பொருளறிவியல் என்றால் என்ன? அது இயற்பியலா, வேதியியலா?

இரண்டும் சேர்ந்தது, அதோடு பொறியியலும் உண்டு. ஒரு பொருளுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, அந்த அடுக்கினால் அது எந்தக் குணத்தைப் பெறுகிறது, அடுக்கை மாற்றினால் குணம் எப்படி மாறும் என்பவையே இத்துறையின் அடிப்படைக் கேள்விகள். வைரமும் பென்சில் கரியும் ஒரே கரிம அணுக்களால் ஆனவை. ஒன்று கண்ணாடியையே அறுக்கும். மற்றொன்று விரலால் தேய்த்தாலே உதிரும். அணுக்களின் அமைப்பைத் தவிர இரண்டுக்கும் வேறு வேறுபாடு இல்லை.

பென்சில் கரியில் அப்படி என்ன இருக்கிறது, வாழ்நாள் முழுக்க ஆராய?

பென்சிலில் உள்ள கிராஃபைட், கரிம அணுக்களால் ஆன தாள்களின் அடுக்கு. ஒவ்வொரு தாளிலும் அணுக்கள் அறுகோண வலையாகப் பிணைந்திருக்கின்றன. பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையே 0.142 நானோமீட்டர் தொலைவுதான் (ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). தாளுக்கும் தாளுக்கும் இடையிலோ 0.335 நானோமீட்டர். தாளுக்குள் பிணைப்பு மிக வலிமையானது, தாள்களுக்கு இடையே மிகத் தளர்வானது. நன்றாகச் சீரமைந்த ஒரு கிராஃபைட் துண்டின் மேல் ஒட்டுநாடாவை அழுத்தி மெல்ல உரித்தால், மினுமினுக்கும் மெல்லிய செதில் ஒன்று நாடாவோடு வரும். துண்டின் மேல் கண்ணாடி போன்ற புதிய பரப்பு தெரியும். மின்சாரமும் தாளின் வழியே எளிதாக ஓடும், தாள்களைக் குறுக்கே கடக்கத் தடுமாறும். முழு உலோகமும் ஆகாமல் சிலிக்கான் போன்ற குறைகடத்தியும் ஆகாமல் நடுவில் நிற்பதால் இதை அரை உலோகம் என்கிறார்கள்.

அந்தத் தளர்வான இடைவெளிக்குள் வேறு அணுக்களைப் புகுத்தலாம் என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. பொட்டாசியத்தைப் புகுத்தினால், எட்டுக் கரிம அணுவுக்கு ஒரு பொட்டாசியம் என்ற கணக்கில் ஒரு சேர்மம் உருவாகும். கரிய கிராஃபைட் வெண்கல நிறத்துக்கு மாறிவிடும், மிகக் குறைந்த வெப்பநிலையில் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகவும் ஆகிவிடும். ஒவ்வோர் இடைவெளியிலும் அந்நிய அணுக்களை வைப்பதா, இரண்டு தாளுக்கு ஒரு முறை வைப்பதா, மூன்றுக்கு ஒரு முறையா என்று மாற்ற மாற்ற, குணமும் மாறிக்கொண்டே போகும். 1970களில் மில்லியின் குழு முழுமூச்சாக இறங்கியது இதில்தான். 1981இல் அவரும் கணவர் ஜீனும் எழுதிய நீண்ட ஆய்வுத் தொகுப்பைத் துறையினர் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

வசதியான வீட்டில் பிறந்திருப்பார், அதனால் படிக்க முடிந்தது. அப்படித்தானே?

இல்லை. அவர் வளர்ந்தது 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், பிராங்ஸ் பகுதியின் வறிய குடியிருப்பு ஒன்றில். அண்ணன் வயலினில் சிறுவயதிலேயே பெயர் பெற்றவர். மில்லிக்கும் இசைப் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் எத்தகைய பள்ளிகளுக்குப் போகிறார்கள் என்பதை அங்கேதான் முதன்முதலாக அறிந்துகொண்டார். ஹன்டர் கல்லூரி உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று இருப்பதும், தேர்வு எழுதிச் சேர்ந்துவிட்டால் கட்டணம் இல்லை என்பதும் அப்படித்தான் தெரியவந்தன. வயலினை அவர் கடைசி வரை கைவிடவில்லை. வீட்டில் நண்பர்களோடும் குடும்பத்தாரோடும் சேர்ந்து வாசிப்பது வழக்கமாக இருந்தது.

அந்தத் தேர்வு நம்ம பி.எஸ்.எல்.இ. மாதிரியா?

ஒரு வகையில் ஒப்பிடலாம், ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இங்கே தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ. எழுதும் பிள்ளைக்குப் பள்ளியே பயிற்சி தருகிறது. துணைப்பாட வகுப்புக்கும் பெற்றோர் அனுப்புகிறார்கள். மில்லியின் பள்ளியில் அத்தேர்வுக்கு ஆயத்தம் செய்ய யாரும் இல்லை. பழைய வினாத்தாள்களைத் தேடி வாங்கி, தாமே படித்து எழுதினார். பெற்றோர் இதைக் கேட்டுவிட்டு, பிள்ளைகளிடம் "பார், அந்த அம்மா துணைப்பாடம் இல்லாமலே படித்தார்" என்று சொல்லத் தொடங்குவதைக் கண்டிருக்கிறேன். தயவு செய்து அப்படிச் சொல்லாதீர்கள். உதவி கிடைக்காமல் போனது ஒரு குறைதான். அதைப் பெருமையாக்கிப் பிள்ளையின் தலையில் சுமத்த வேண்டியதில்லை.

இயற்பியலுக்கு வரச் சொன்னது யார்?

அவருடைய காலத்தில் படித்த பெண்ணுக்கு மூன்றே வேலைகள் என்று பேசிக்கொண்டார்கள்: ஆசிரியர், தாதி, செயலாளர். அவரும் தொடக்கப்பள்ளி ஆசிரியராகும் எண்ணத்தோடுதான் ஹன்டர் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே இயற்பியல் நடத்திய ரோசலின் யாலோ அவரது திறமையைக் கண்டு, அறிவியலாளராக வேண்டியவர் நீ என்று உறுதியாகச் சொன்னார். அதே யாலோ 1977இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசைப் பெற்றார். மாணவி ஒருத்தியின் பாதையை ஓர் ஆசிரியரின் சொல் எவ்வளவு தூரம் திருப்பிவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

1951இல் பட்டம் பெற்று, ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஓராண்டும் பின்னர் ராட்கிளிஃப் கல்லூரியிலும் படித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்காக சிகாகோ பல்கலைக்கழகம் சென்றார். அங்கே புகழ்பெற்ற இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் வகுப்பில் இருந்தார். இருவரும் அருகருகே குடியிருந்ததால், காலையில் வளாகத்துக்கு நடந்து செல்லும்போது ஃபெர்மியோடு இயற்பியல் பேசும் வாய்ப்பும் கிடைத்தது. ஆனால் அவருடைய ஆய்வு நெறியாளரோ, பெண்களுக்கு ஆய்வில் இடமில்லை என்ற கருத்துடையவர். ஆகவே மீக்கடத்திகள் காந்தப்புலத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்ற ஆய்வைப் பெரும்பாலும் தனியாகவே செய்து, தேவையான கருவிகளையும் தாமே அமைத்துக்கொண்டு, 1958இல் பட்டம் பெற்றார்.

எல்லாரும் சிலிக்கான் பின்னால் ஓடிய காலத்தில் இவர் ஏன் கரியைப் பிடித்துக்கொண்டார்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். 1957இல் மீக்கடத்துமைக்கான அடிப்படைக் கோட்பாடு வெளியாகிவிட்டது. 1960இல் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் சேர்ந்தபோது, மீக்கடத்துமையை விட்டுவிட்டு வேறு துறையைத் தேர்ந்துகொள்ளுமாறு அவரிடம் சொன்னார்கள். சுற்றியிருந்தவர்கள் குறைகடத்திகளில் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவரோ பிஸ்மத், கிராஃபைட் போன்ற அரை உலோகங்களைத் தேர்ந்துகொண்டார்.

அதற்கான காரணத்தை அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கிராஃபைட் கடினமானது என்று பலர் ஒதுங்கியிருந்தார்கள். அங்கே போட்டி குறைவு. கைக்குழந்தைகளை வைத்திருக்கும் ஒருவர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சில நாள் வராமல் போனாலும், அதற்குள் யாரும் அதே முடிவை வெளியிட்டு முந்திவிட மாட்டார்கள். சிலர் இதைத் தாய்மைக்காக விட்டுக்கொடுத்த கதையாகச் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தம் சூழ்நிலையை நன்கு எடைபோட்டு, அதற்குப் பொருந்தும் சிக்கலான கேள்வியைத் தேடிப் பிடித்த கூர்மை அது. நல்ல கேள்வியைத் தேர்வதே ஆய்வில் பாதி வேலை என்று அனுபவமுள்ள எந்த அறிவியலாளரும் சொல்வார்.

அந்தத் தேர்வின் பலன் 1968இல் தெரிந்தது. வழவழப்பான கிராஃபைட் பரப்பை வலிமையான காந்தப்புலத்தில் வைத்து, அதன் மேல் லேசர் ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியின் அளவைப் பதிவு செய்வது அவர்கள் பின்பற்றிய முறை. புலத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டும்போது, திரும்பும் ஒளி குறிப்பிட்ட இடங்களில் ஏறி இறங்கும். உள்ளே எலக்ட்ரான்களின் ஆற்றல் படிக்கட்டுகளாகப் பிரிந்திருப்பதை அது காட்டுகிறது. ஒளியின் மின்புலத்தை வலப்பக்கமாகவோ இடப்பக்கமாகவோ சுழலவிட்டால், எந்த ஏற்ற இறக்கம் எலக்ட்ரானுடையது, எது எலக்ட்ரான் இல்லாத வெற்றிடமாக இருந்து நேர்மின்னூட்டம் போல நடக்கும் துளையினுடையது என்றும் பிரித்தறியலாம். அப்படிப் பார்த்தபோது, அதுவரை எல்லாரும் ஏற்றிருந்த படத்தில் எலக்ட்ரான்களின் இடமும் துளைகளின் இடமும் ஒன்றுக்கொன்று மாறியிருந்தது தெரியவந்தது. பல ஆண்டுகளாகப் புழங்கிய ஒரு முடிவு தலைகீழானது. மாணவர் ஷ்ரோடரும் லேசர் வல்லுநர் அலி ஜவானும் அந்தக் கட்டுரையில் அவரோடு இணைந்தவர்கள்.

நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தார்? வீட்டில் பணிப்பெண் இருந்தாரா?

இருந்தார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணியை அமர்த்தியிருந்தார்கள். அவர் நீண்ட காலம் அந்தக் குடும்பத்தோடு இருந்தார். அதை மில்லி ஒருபோதும் மறைத்ததில்லை. நம் ஊரில் எத்தனையோ குடும்பங்கள் பணிப்பெண்ணின் உழைப்பால்தான் ஓடுகின்றன. பெரிய மனிதர்களின் வரலாறுகளில் அந்த உழைப்பு காணாமல் போய்விடுகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியிருந்தும் சிக்கல் தீரவில்லை. காலை எட்டு மணிக்கு ஆய்வகத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு அவர் வந்து சேர எட்டரை ஆகிவிடும். அதற்காக மேலதிகாரிகளின் கண்டிப்புக்கு ஆளானதை அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1967இல் எம்.ஐ.டி. வளாகத்தில் வருகைதரு பேராசிரியராகும் வாய்ப்பு வந்ததும் அதை ஏற்றதற்கு இதுவும் ஒரு காரணம். பெண் அறிஞர்களுக்காக ஏற்படுத்தப்பட்ட ஓர் அறக்கொடையிலிருந்து அந்தப் பதவிக்கு நிதி கிடைத்தது.

பாடத்தில் 'ட்ரெசல்ஹாஸ் விளைவு' என்று வருகிறதே, அது இவருடையதா? இல்லை, கணவர் புகழில் இவர் வளர்ந்தாரா?

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கேட்ட நல்ல கேள்வி. அந்த விளைவு கணவர் ஜீன் ட்ரெசல்ஹாஸ் 1955இல், அதாவது இவர்கள் திருமணத்துக்கு முன்பே, கண்டறிந்தது. சில வகைப் படிகங்களில் எலக்ட்ரானின் தற்சுழற்சி அதன் இயக்கத்தோடு பிணைந்து ஆற்றல் நிலைகளைப் பிரிப்பதைப் பற்றியது அது. ஆகவே அந்தப் பெயரைக் கண்டால் ஜீனை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு விடை, இல்லை என்பதுதான். கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்ற விதி அன்று அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்களில் இருந்தது. இருவரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் இடங்கள் மிகச் சில. லிங்கன் ஆய்வகம் அவற்றில் ஒன்று. பிற்காலத்தில் ஜீன் மில்லியின் ஆய்வுக் குழுவிலேயே பணியாற்றினார். பல நூல்களிலும் கட்டுரைகளிலும் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கும்.

நானோகுழாயைக் கண்டுபிடித்தது இவர்தானே?

இல்லை. 1991இல் ஜப்பானின் சுமியோ இஜிமா வெளியிட்ட மின்னணு நுண்ணோக்கிப் படங்கள்தான், கரிமத் தாள் சுருண்டது போன்ற மிக நுண்ணிய குழாய்களான கரிம நானோகுழாய்களின் மேல் உலகத்தின் கவனத்தைத் திருப்பின. மில்லியும் ஜீனும் ரீச்சிரோ சாய்ட்டோ, மிட்சுட்டாக்கா ஃபுஜிட்டா ஆகியோரோடு சேர்ந்து 1992இல் செய்தது ஒரு முன்கணிப்பு. ஒற்றைச் சுவர் கொண்ட குழாய் ஒன்றை ஆய்வகத்தில் யாரும் காண்பதற்கு முன்பே, அது எப்படி மின்சாரத்தைக் கடத்தும் என்று கணக்கிட்டுச் சொன்னார்கள்.

கோடு போட்ட பாயை நேராகச் சுருட்டினால் கோடுகள் வளையங்களாக வரும், சாய்த்துச் சுருட்டினால் திருகுகளாக வரும். அதுபோல அறுகோணத் தாளை எந்தக் கோணத்தில் சுருட்டுகிறோம் என்பதை இரண்டு முழு எண்களால் குறிக்கலாம். அவ்விரு எண்களின் வேறுபாடு மூன்றால் மீதியின்றி வகுபட்டால் குழாய் உலோகம் போல நடக்கும், இல்லாவிட்டால் குறைகடத்தியாக நடக்கும். எண்களைக் குருட்டாம்போக்கில் எடுத்தால் மூன்றில் ஒன்று உலோகம், மூன்றில் இரண்டு குறைகடத்தி. ஒரே அணு, ஒரே பிணைப்பு; சுருட்டும் கோணம் மட்டுமே குணத்தை மாற்றுகிறது. அதே ஆண்டில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வேறு இரு குழுக்களும் இந்த முடிவுக்கு வந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1998இல் தனித்தனிக் குழாய்களை அளந்து பார்த்த சோதனைகள் இதை மெய்ப்பித்தன.

அப்படியென்றால் என் கைப்பேசி பேட்டரிக்குள் இருப்பது இவர் வேலையா?

நேரடியாக இல்லை. லித்தியம் அயனி பேட்டரியை மின்னேற்றும்போது, லித்தியம் கிராஃபைட் தாள்களுக்கு இடையே போய் உட்காருகிறது, பயன்படுத்தும்போது வெளியேறுகிறது. மேலே பென்சில் கரி பற்றிய பதிலில் சொன்ன அதே இடைவெளிதான். ஆறு கரிம அணுவுக்கு ஒரு லித்தியம் என்பது அதன் நிறைவு நிலை. இது மீண்டும் மீண்டும் நிகழக்கூடியது என்று 1980 வாக்கில் காட்டியவர் மொராக்கோவில் பிறந்த ரஷீத் யாசாமி. பின்னாளில் அவர் நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். இத்தகைய சேர்மங்களின் உள்ளே என்ன நடக்கிறது என்ற அடிப்படை அறிவை வளர்த்தவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் மில்லி. பேட்டரி செய்தவர் என்று சொல்வது மிகை.

வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுத்தார் என்று எங்கோ படித்தேன். அது என்ன?

வெப்பமின் பொருள்கள் என்ற வகை உண்டு. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருந்தால் அவற்றில் மின்னழுத்தம் பிறக்கும். 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் இன்றும் மின்சாரம் பெறுவது இப்படித்தான். நல்ல வெப்பமின் பொருள் மின்சாரத்தை எளிதாகவும் வெப்பத்தைக் கடினமாகவும் கடத்த வேண்டும். வழக்கமான பொருள்களில் ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடிவிடும். அதனால் பல பத்தாண்டுகளாக இத்துறை முன்னேறாமல் கிடந்தது.

1993இல் மில்லியும் மாணவர் ஹிக்ஸும், பொருளை நானோமீட்டர் அளவுள்ள படலமாகவோ கம்பியாகவோ ஆக்கினால் இந்த முடிச்சை அவிழ்க்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். உறங்கிக்கிடந்த துறை விழித்துக்கொண்டது.

பெண்களுக்காக ஏதாவது செய்தாரா, அல்லது தான் முன்னேறியதோடு சரியா?

நிறையச் செய்தார். அக்காலத்தில் எம்.ஐ.டி.யில் சேர மாணவர்களைவிட மாணவிகளுக்குக் கூடுதல் மதிப்பெண் தேவைப்பட்டது. பெண்கள் விடுதியில் இடம் குறைவு என்பதே சொல்லப்பட்ட காரணம். மில்லியும் உணவு வேதியியல் பேராசிரியர் எமிலி விக்கும் இரு பாலருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று வாதாடி வென்றார்கள். மாணவிகள், ஊழியர்கள், ஆசிரியைகள் எல்லாரும் கூடிப் பேசும் மன்றத்தையும் தொடங்கினார்கள். விமானப் பொறியியல் பேராசிரியர் ஷீலா விட்னலோடு சேர்ந்து, பொறியியல் என்றால் என்னவென்றே தெரியாமல் வரும் முதலாண்டு மாணவர்களுக்காக ஒரு பாடத்தையும் நடத்தினார்.

நோபெல் ஏன் கிடைக்கவில்லை?

பரிந்துரை விவரங்களை ஐம்பது ஆண்டுகளுக்கு நோபெல் குழு வெளியிடாது. ஆகவே உள்ளே நடந்தது யாருக்கும் தெரியாது. கரிம அணுக்கள் பந்து போலக் கூடிய ஃபுல்லரீனுக்காக 1996இலும், கிராஃபைட்டின் ஒற்றைத் தாளான கிராஃபீனுக்காக 2010இலும் பரிசுகள் வழங்கப்பட்டன. இரண்டும் மில்லி நடந்து பண்படுத்திய நிலம். என் கருத்து இது: நோபெல் பரிசு பெரும்பாலும் ஒரு தனிக் கண்டுபிடிப்பைத் தேடுகிறது. மில்லியின் பங்களிப்போ நாற்பது ஐம்பது ஆண்டுகளில் பரவிக் கிடக்கிறது. பலருடைய கண்டுபிடிப்புகளுக்குத் தேவையான அறிவை அவர் முன்கூட்டியே சேர்த்து வைத்தார். அதைப் பாராட்டும் வழி அந்தப் பரிசின் அமைப்பில் இல்லை என்று நினைக்கிறேன், அது எனக்கு வருத்தம்தான்.

மற்றவர்கள் பாராட்டத் தவறவில்லை. 1990இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம், 2012இல் நானோ அறிவியலுக்கான காவ்லி பரிசு, 2014இல் அதிபர் ஒபாமா அளித்த சுதந்திரப் பதக்கம் ஆகியவற்றைப் பெற்றார். நானோ அறிவியலில் காவ்லி பரிசை யாரோடும் பகிராமல் பெற்ற முதல் ஆள் அவர்.

1,700 கட்டுரைகளாம். ஒரு மனிதரால் எழுத முடியுமா?

ஒருவராக எழுதவில்லை; அவை அவர் பங்கேற்ற கட்டுரைகள். பொருளறிவியலில் ஒருவர் மாதிரியைச் செய்வார், ஒருவர் அளப்பார், ஒருவர் கணக்கிடுவார். அவர் அறுபதுக்கும் மேற்பட்ட முனைவர் பட்ட மாணவர்களை வழிநடத்தியவர். ஜப்பான், பிரேசில் என்று பல நாட்டுக் குழுக்களோடு சேர்ந்து உழைத்தவர். விடியற்காலையிலேயே அலுவலகத்துக்கு வந்துவிடும் வழக்கமும் அவருக்கு இருந்தது. எண்ணிக்கையைக் கண்டு வியப்பதைவிட, 1968, 1981, 1992, 1993 ஆகிய ஆண்டுகளில் வந்தவையாக மேலே சொன்ன வேலைகளைப் பாருங்கள். அவருடைய எடை அங்கேதான் இருக்கிறது.

மின்பொறியியல், இயற்பியல் பேராசிரியர் என்கிறார்கள். நீங்கள் பொருளறிவியலாளர் என்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி. பதவி மின்பொறியியலிலும் 1983 முதல் இயற்பியலிலும் இருந்தது. ஆனால் 1977 முதல் 1983 வரை எம்.ஐ.டி.யின் பொருளறிவியல், பொறியியல் மையத்தின் இயக்குநராக இருந்தவர் அவரே. துறைப் பலகையைவிட ஆராய்ந்த கேள்விகளைத்தான் நான் கணக்கில் எடுக்கிறேன்; அவை இரண்டாம் பதிலில் சொன்ன அதே கேள்விகள்.

என் மகள் இந்தத் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள். சிங்கப்பூரில் வழி இருக்கிறதா?

நிறையவே இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங்கிலும் பொருளறிவியல், பொறியியலுக்கெனத் தனித் துறைகள் உள்ளன. கிராஃபீனுக்காக நோபெல் பெற்றவர்களில் ஒருவரான கான்ஸ்டன்டின் நோவொசெலொவ் 2019இல் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். தொடக்கக் கல்லூரியில் கணிதத்தோடு இயற்பியலையும் வேதியியலையும் எடுத்தால் எந்தக் கதவும் மூடாது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொறியியல் பட்டயம் பெற்றும் வரலாம். சேர்க்கை விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும், ஆகவே பல்கலைக்கழகங்களின் பொது வரவேற்பு நாளில் நேரில் போய்த் துறை ஆசிரியர்களிடமே கேட்பது நல்லது. மில்லி திடநிலை இயற்பியலுக்காக எழுதிய வகுப்புக் குறிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை பட்டமேற்படிப்புக்கு உரியவை. பல்கலைக்கழகத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் படித்த பிறகு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.